கிழங்கை மருந்தில் ஊறவைத்தால் புது நிறத்தில் பூக்குமா?

கந்தப்பளை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "லயத்துக்குப் பின்னால் கிளேடியோலஸும் லில்லியும் போட்டிருக்கிறேன். கிழங்கை ஒரு இரவு ஊறவைத்தால் நீல லில்லிகூட வரும் என்று டவுனில் ஒருவர் சின்னப் போத்தலில் மருந்து விற்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் என்றால் காசோடு போகும். உண்மையான மருந்து என்றால்தான் பயம். இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது ஈ.எம்.எஸ். என்ற இரசாயனம். மரபணுவைத் தொட்டு மாற்றுவதுதான் அதன் வேலை. செடி, மனிதர் என்று பார்க்காது. புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆய்வுகூடத்தில் ஆவியை உறிஞ்சும் பெட்டிக்குள் கையுறையோடு கையாண்டு, மிச்சத்தை வேறொரு இரசாயனத்தால் முறித்த பிறகே கொட்டுவார்கள். பிள்ளைகள் ஓடித்திரியும் லயத்தில், பீலிக்கரைப் பக்கத்தில் செய்கிற வேலையா இது?

சரி, பாதுகாப்பாகவே செய்தாலும் நீல லில்லி வராது. நீலத்துக்கு வேண்டிய நிறப்பொருளை லில்லி உண்டாக்குவதில்லை. மருந்து இருப்பதைக் குலைக்கும், இல்லாததைக் கொண்டுவராது. முழுக் கிழங்கை ஊறவைத்தால் முளையிலுள்ள ஒவ்வொரு கலமும் ஒவ்வொரு விதமாக மாறும். ஏதோ ஓர் இதழில் ஒரு கீற்று வேறு நிறமாக வந்தாலும் அது நிலைப்பது அபூர்வம். அதனால்தான் லில்லிக் கிழங்கின் செதில்களைப் பிரித்து மருந்து கொடுத்து, அவற்றின் அடியில் எழும் குட்டிக் கிழங்குகளை வளர்க்கிறார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை குட்டையும் கோணலும்தான்.

ஒரு விதிவிலக்கு, கொல்கிசின் என்ற நஞ்சு. இது மரபணுவை மாற்றுவதில்லை. கலம் பிரியும் நேரத்தில், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களைப் பிரியவிடாமல் தடுத்து எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். இரண்டு வேறு இன லில்லிகளைக் கலந்து பிறந்த செடி பெரும்பாலும் மலடாகவே இருக்கும், குரோமோசோம்களுக்குச் சோடி கிடைக்காததால். இரட்டிப்பானதும் சோடி கிடைக்கிறது, விதையும் பிடிக்கிறது. வளர்ப்பாளருக்கு இது பெரிய காரியம். உங்களுக்கு அதனால் புது நிறம் கிடைக்காது. இதே நஞ்சு கார்த்திகைப்பூக் கிழங்கில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அரைத்துப் பார்க்க யாரும் கிளம்ப வேண்டாம். நியங்கலா என்றும் சொல்லும் அந்தக் கிழங்கைத் தின்று நம் நாட்டில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள்.

இன்னொரு ஏமாற்று. கோடு கோடாகப் பூத்த கிளேடியோலஸைப் 'புது ரகம்' என்று இரட்டை விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இலையை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். வெளிர்மஞ்சள் திட்டும் கீற்றும் தெரிந்தால் அனேகமாக அது வைரஸ். கிழங்கோடேயே அடுத்த போகத்துக்கும் வரும், அசுவுணி பக்கத்துப் பாத்திக்கும் பரப்பும். பிடுங்கி எரித்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் கிழங்கு இறக்குவதென்றால் தொற்றுத்தடுப்பு அனுமதி வேண்டும்; 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகத்தான். ஆனால் ஓர் அலுவலகத்தில் நான் விவரம் கேட்டபோது, தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது! இப்படி அலையவிட்டால் சனம் போத்தல்காரரிடம்தான் போகும்.

புது நிறம்தான் வேண்டுமென்றால் இரண்டு நிறச் செடிகளைக் கலப்புச் செய்யுங்கள். கிளேடியோலஸ் மொட்டு விரியும்போதே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள். சூல்முடி மூன்றாகப் பிரிந்ததும் வேறு நிறப் பூவின் மகரந்தத்தை அதில் தடவி, ஒரு கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். விதையிலிருந்து பூவைப் பார்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். ஒவ்வொரு நாற்றும் வேறு வேறாகப் பூக்கும். பிடித்ததன் கிழங்கைப் பிரித்துப் பெருக்கிக்கொள்ளலாம்.