முக்காடு, துப்பட்டி, தூடோங்: கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவின் பினாங்கில் பிறந்து, இங்கேயே 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள் நான். முஸ்லிம் பெண்கள் தலையை மூடும் துணி, அதாவது மலாயில் தூடோங், பற்றிச் சென்ற வாரம் நான் சொன்னதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஜெலுத்தோங் வாசகர்: டீச்சர், பழைய மலாய்ப் படங்களில் முஸ்லிம் பெண்களின் தலைமுடி தெரிகிறதே. நிஜத்திலும் அப்படித்தானா?

அப்படித்தான். நடிகரும் இயக்குநருமான பி. ரம்லி நம் பினாங்குப் பிள்ளை. 1950களிலும் 60களிலும் வந்த அவருடைய படங்களில் பார்ப்பதுதான் அன்றைய தெரு. மலாய்ப் பெண்கள் செலெண்டாங் என்னும் நீளத் துணியைத் தோளிலோ தலையிலோ தளரப் போட்டிருப்பார்கள். இழவு வீட்டிலும் கந்தூரி விருந்திலும் இழுத்து மூடிக்கொள்வார்கள்.

எங்கள் வீடு வேறு மாதிரி. கடையநல்லூரிலிருந்து வந்த என் பாட்டிக்கு வீட்டுக்குள் சேலை முந்தானையே முக்காடு. மீன்காரர் குரல் கேட்டால் கை தானாக முந்தானைக்குப் போகும். வெளியே கிளம்பினால் உடம்பைப் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி. திரிஷாக்காரர் வாசலில் மணியடித்த பிறகுதான் அது கொடியிலிருந்து இறங்கும். நானோ இரட்டைச் சடையும் முழங்கால் வரை நீலப் பினஃபோருமாகப் பள்ளிக்குப் போனேன். பாட்டி அதைக் குறை சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

கிள்ளான் வாசகர்: பிறகு எப்போது மாறியது? யார் மாற்றினார்கள்?

வீட்டுப் பெரியவர்களோ அரசாங்கமோ மாற்றியதாகப் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாற்றத்தைத் தொடங்கியவர்கள் படித்த இளம்பெண்கள். 1969 மே இனக் கலவரத்துக்குப் பின், மலாய்க்காரர்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் கூடுதல் வாய்ப்புத் தரும் புதிய பொருளாதாரக் கொள்கை 1971இல் வந்தது. கம்பத்து (கிராமத்து) மலாய்ப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக நகரத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். பழக்கமில்லாத ஊர், விடுதி அறை, 'நான் யார்' என்ற கேள்வி. அதே 1971இல் அபிம் என்னும் இஸ்லாமிய இளைஞர் இயக்கம் பிறந்தது. டக்வா என்னும் சமய அழைப்புப் பணியின் அலை பல்கலைக்கழக வளாகங்களில் பரவியது. 1979 ஈரான் புரட்சி அதற்கு வேகம் கொடுத்தது.

வீட்டுப் பெரியவர்கள் மகிழ்ந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? பயந்தார்கள். 1980இல் நான் தலையை முழுக்க மூடத் தொடங்கியபோது, "இனி உனக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவேன்?" என்று உம்மா அழுதார். அப்போது நான் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை, தலையில் ஏதும் நோயா என்று கேட்டார். ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். அந்த மௌனம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அரசாங்கமும் அந்நாளில் இதைக் கவலையோடுதான் பார்த்தது. முகத்தை மூடும் உடையை அரசு ஊழியர்கள் பணியில் அணியக் கூடாது என்று 1985இல் சுற்றறிக்கை வந்தது. அதை ஏற்காமல் வேலையிழந்த பேராக் மாநில எழுத்தர் ஒருவர் நீதிமன்றம் போனார். நாட்டின் உச்ச நீதிமன்றம் 1994இல் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த வழக்கு முகத்திரை பற்றியது, தூடோங் பற்றியதன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கோலாலம்பூர் வாசகர்: இன்று தூடோங் வெறும் ஃபேஷன் ஆகிவிட்டதே?

'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர் மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு மாலை நடந்து பாருங்கள். பாவால் என்னும் சதுரத் துணி, சால் என்னும் நீளத் துணி என்று எத்தனை வகை, எத்தனை நிறம்! 2014இல் தொடங்கிய டக், நேலோஃபர் ஹிஜாப் இரண்டும் பெண்கள் உருவாக்கிய தூடோங் வணிகப் பெயர்கள். பாடகி யூனா தலைப்பாகை போலக் கட்டிக்கொண்டு அமெரிக்க மேடையில் பாடினார். மூடியவள் என்றால் பின்தங்கியவள் என்று என் காதுபடப் பேசியவர்களுக்கு, இந்தப் பெண்கள் என்னைவிட நன்றாகப் பதில் சொல்லிவிட்டார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய்: நாங்கள் இந்துக்கள். என் மகளின் உயிர்த்தோழி தூடோங் போடத் தொடங்கியதும் இவள் விலகி நிற்கிறாள்.

விலக வேண்டாம் அம்மா. வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் அறையில் அந்தப் பிள்ளை தூடோங்கை எடுத்துவிட்டு முன்போலவே சிரித்துப் பேசுவாள். அண்ணனோ அப்பாவோ வந்தால் வாசலிலிருந்தே ஒரு குரல் கொடுக்கட்டும், அது போதும்.

ஹோட்டல் வேலை தேடும் பெண்: முகப்பில் நிற்பவர்கள் தூடோங் போடக் கூடாது என்கிறார்களே?

2017இல் இது பெரிய விவகாரமானது. தொழிற்சங்கம் குரல் எழுப்பியது, அரசாங்கமும் இது பாகுபாடு என்றது. நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பக்கத்திலுள்ள சிங்கப்பூரில்கூட அரசு மருத்துவமனைத் தாதியர்க்கு 2021 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. கேட்டுக் கேட்டுத்தான் கிடைத்தது.

ஷா ஆலம், பெயர் வேண்டாம்: 14 ஆண்டுகள் அணிந்தேன். எடுத்துவிட்டேன். உம்மா என்னோடு பேசுவதில்லை.

மகளே, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

கிளந்தான் போன்ற மாநிலங்களில் உள்ளூர் விதிகள் உண்டு. ஆனால் நாடு முழுமைக்கும் தூடோங்கைக் கட்டாயமாக்கும் சட்டம் கிடையாது. இருந்தும், எடுத்தவளைச் சும்மா விடுவதில்லை. 2019இல், தூடோங்கை எடுத்த கதையைப் புத்தகமாக எழுதிய பெண்ணைச் சிலாங்கூர் சமய இலாகா விசாரித்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், தலை மூடாத ஓர் இளம் ஆசிரியை எங்கள் பள்ளிக்கு வந்தாள். அவள் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. எனக்குத் தெரிந்த அதே மௌனம்! இம்முறை மௌனமானவர்கள் எல்லாரும் என்னைப் போல் மூடியவர்கள். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் தலையில் துணி இருப்பது கடமை என்று நான் நம்புவதால். அந்த நம்பிக்கை மாறாது. ஆனால் அதை இன்னொருத்தியின் தலையில் அதட்டி வைக்க எனக்கு உரிமை இல்லை.

உன் உம்மாவின் கோபத்துக்குள் இருப்பது பயம். ஊர் என்ன சொல்லும் என்று என் உம்மா அழுதாரே, அதே பயம். நீ முதலில் பேசு. தூடோங்கைப் பற்றி வேண்டாம், சாப்பிட்டீர்களா என்று கேள். சம்மதமென்றால் அவருடைய எண்ணைத் தனியாக அனுப்பு, நானும் பேசுகிறேன். அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும்.