நரம்பியல் ஆராய்ச்சி மாணவர்களுக்கு விருது கிடைக்குமா? கேட்டால் கிடைக்கும்

கேள்வி: "ஊர் வவுனியா. நரம்பியலில் எம்.பில். செய்கிறேன். மாணவர்களுக்கு என்ன விருதுகள் உண்டு? எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா?"

கிடைக்கும் தங்கச்சி. ஆனால் நாங்களாகப் போய்க் கேட்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் வீணானது.

நான் வளர்ந்தது கிளிநொச்சியில். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் அதிபரே மேடையில் பெயர் வாசிப்பார். உயர்தரத்தில் நல்ல மாவட்ட நிலை எடுத்தால் சந்தியில் படத்தோடு பதாகை கட்டுவார்கள். படிப்பது மட்டும்தான் எங்கள் வேலை, மற்றதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் கலாநிதிப் படிப்புக்கு வெளிநாடு போனேன். துறையில், மாநாட்டுக்குப் போய்வரும் செலவுக்கு உதவும் ஒரு பயண விருது இருந்தது. தகுதி இருந்தால் மேற்பார்வையாளர் என் பெயரைக் கொடுப்பார் என்று பேசாமல் இருந்தேன். முடிவுத் திகதி போன பிறகு அவர் கேட்டார், "நீ ஏன் விண்ணப்பிக்கவில்லை?" அன்று அறைக்குப் போய் அழுதேன்.

மேற்பார்வையாளர் முன்மொழிகிற விருதுகளும் உண்டு. மூளைப் புற்றுநோயால் 1995இல் இறந்த விஞ்ஞானி ஹரோல்ட் வைன்ட்ரோபின் நினைவாக, அமெரிக்காவின் ஃபிரெட் ஹட்ச் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து தரும் விருது அப்படிப்பட்டது. உயிரியல் ஆராய்ச்சி மாணவர்களுக்கானது, நரம்பியலும் அதற்குள் அடங்கும். அதற்கும் "சேர், என் பெயரை அனுப்புவீர்களா?" என்று கேட்டால் நல்லது. அவருக்கு நூறு வேலை.

எந்த அறிவித்தலிலும் முதலில் குடியுரிமை பற்றிய வரியைப் பாருங்கள். அமெரிக்காவில் 1952இலிருந்து தேசிய அறிவியல் அறக்கட்டளை வழங்கும் என்.எஸ்.எஃப். பட்டதாரி ஆராய்ச்சி உதவித்தொகை அந்நாட்டவருக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் மட்டும்தான். இப்படியானவற்றில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 1961இல் தொடங்கிய சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பு, 'இப்ரோ' என்பார்கள், ஆசிய பசிபிக் பகுதி மாணவர்களுக்கும் பயண உதவி தருகிறது, குறுகிய காலப் பயிற்சிப் பள்ளிகளும் நடத்துகிறது. உங்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். அப்புறம் சொசைட்டி ஃபோர் நியூரோசயன்ஸ் என்ற, நரம்பியல் ஆராய்ச்சியாளர்களின் அமெரிக்கச் சங்கம். ஆண்டு மாநாட்டுக்கு வரும் மாணவர்களுக்கு அவர்களும் விருது வைத்திருக்கிறார்கள். 20,000 பேர் அளவில் கூடும் இடம் அது. அங்கே உங்கள் ஆய்வை விளக்கும் போஸ்டர் முன்னால் நின்று பேசும் ஒருவர் நாளைக்கு உங்களை வேலைக்கு எடுக்கலாம். தொகை சிறிதென்று விட்டுவிடாதீர்கள். முதல் சிறிய விருதைக் காட்டித்தான் அடுத்ததைக் கேட்க முடியும்.

சரி, விண்ணப்பம் எழுதுவது. எங்கள் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். தன்னைப் பற்றித் தானே பேசுவது சரியில்லை என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். என் முதல் வரைவில் எல்லாமே "நாங்கள் செய்தோம்". வாசித்த தோழி, "இதில் நீ எங்கே?" என்று கேட்டாள். திருத்தி எழுதினேன்: எலிகளின் மூளையில் மின்வாய்களை (மூளையின் மின்சைகைகளைப் பதியும் கம்பிகளை) பொருத்தியது நான், பதிவுகளில் வலிப்பைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதியது நான். இது தற்பெருமை இல்லை. தேர்வுக் குழு தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான்.

இன்னொன்றையும் மறைத்திருந்தேன். 2009இல் சித்தப்பாவின் தலையில் எறிகணைத் துண்டு பட்டது. பிறகு அவருக்கு வலிப்பு வரத் தொடங்கியது. வியட்நாம் போரில் மூளைக்குள் காயம்பட்ட 421 அமெரிக்கப் படையினரைத் தொடர்ந்து பார்த்து 1985இல் வெளியிட்ட ஆய்வில் 53 சதவீதம் பேருக்கு வலிப்பு வந்திருந்தது. வன்னியில் எத்தனை வீடுகளில் இது இருக்கும்? நான் இந்தத் துறைக்கு வந்ததே அதனால்தான். இரக்கம் தேடுவதாக நினைப்பார்களோ என்று அதை எழுதாமல் விட்டிருந்தேன். இரண்டாவது வரைவில் மூன்று வரியில் எழுதினேன், அடுத்த வரியிலேயே ஆராய்ச்சிக் கேள்விக்கு வந்துவிட்டேன். அந்த முறை பயண விருது கிடைத்தது.

பரிந்துரைக் கடிதத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே கேளுங்கள். முடிவுத் திகதி, உங்கள் சுயவிபரம், ஆய்வுச் சுருக்கம் மூன்றையும் அதே மின்னஞ்சலில் வையுங்கள். போன மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, அக்கராயனில் இருந்து ஒரு பிள்ளை இதே கேள்வியோடு வீட்டுக்கு வந்தாள். சேரிடம் கேட்கப் பயம் என்றாள். விறாந்தையில் இருந்து இருவருமாக மின்னஞ்சலை எழுதினோம். தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்பே அவரிடமிருந்து பதில் வந்தது: "கட்டாயம் தருகிறேன். இவ்வளவு நாளும் ஏன் கேட்கவில்லை?"