மரம் முளைத்த படிகள்: கேத்கின் பார்க் குறித்து ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

கிளாஸ்கோவின் மவுண்ட் ஃப்ளோரிடாவில் குடியேறியிருப்பதாகவும், வீட்டருகே உள்ள பூங்காவில் மூன்று பக்கமும் கான்கிரீட் படிகள் இருப்பதன் காரணம் புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். "நீ எந்தக் கால்பந்து அணி?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்களே, என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கான பதிலிலேயே இரண்டாவதற்கும் பாதி பதில் இருக்கிறது.

நீங்கள் பார்த்தது கேத்கின் பார்க். 1884-இல் குயின்ஸ் பார்க் என்னும் கால்பந்துக் கழகம் தன் இரண்டாவது ஹாம்ப்டன் மைதானமாக அதைத் திறந்தது; அக்கழகத்தின் மூன்று மைதானங்களுக்கும் ஹாம்ப்டன் என்றே பெயர். அக்கழகத்தின் முதல் ஹாம்ப்டன் சற்றுத் தொலைவில், ரயில் பாதை வந்ததால் கைவிடப்பட்ட இடத்தில் இருந்தது. அங்குதான் 1882-இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5-1 என வென்றது. அன்று ஆடியவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ வாட்சன். பிரிட்டிஷ் கயானாவில், ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்த அவர், அதற்கு முந்தைய ஆண்டே லண்டனில் ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கி 6-1 என்ற வெற்றியைத் தேடித்தந்தவர். கடல் கடந்து வந்த நம்மைப் போன்றோர் இந்தப் பகுதியில் முதலில் அறிய வேண்டிய பெயர் அவருடையது என்பேன்.

1903-இல் குயின்ஸ் பார்க் இன்றைய ஹாம்ப்டனுக்கு மாறியதும், பழைய மைதானம் தேர்ட் லானார்க் கழகத்தின் கைக்கு வந்தது. 1872-இல் ஒரு தன்னார்வத் துப்பாக்கிப் படைப் பிரிவிலிருந்து தோன்றிய கழகம் அது. 1889-இல் செல்டிக் அணியை வென்று ஸ்காட்டிஷ் கோப்பையை அது கைப்பற்றியதும் இதே மைதானத்தில்தான் என்பதால், தான் வென்ற களமே அதற்குப் பிற்பாடு வீடாயிற்று. 1903–04 பருவத்தில் லீக் பட்டமும், 1905-இல் மீண்டும் கோப்பையும் அதற்குக் கிடைத்தன.

அடுத்து நடந்ததைத்தான் இங்குள்ள முதியவர்கள் இன்றும் ஆற்றாமையோடு சொல்கிறார்கள். 1960–61 பருவத்தில் லீகில் நூறு கோல் அடித்து மூன்றாமிடம் பிடித்த அணி, ஆறே ஆண்டுகளில் இல்லாமலே போனது. தோற்றுத் தோற்று அழிந்த கழகமன்று அது. நிர்வாகமே அதைச் சீரழித்தது என்பது பின்னர் நடந்த அரசு விசாரணையில் வெளிப்பட்டு, முன்னாள் இயக்குநர்கள் சிலர் நீதிமன்றத்தில் தண்டிக்கவும் பட்டனர். 1967 ஏப்ரல் 25-இல் குயின் ஆஃப் தி சவுத் அணியுடன் 3-3 என முடிந்ததே இம்மைதானத்தின் கடைசி லீக் ஆட்டம். நிலத்தில் வீடுகள் கட்டும் திட்டத்துக்கு மாநகராட்சி இணங்காததால்தான் அது இன்று பொதுப் பூங்காவாக எஞ்சியிருக்கிறது. அந்த மறுப்பை இந்த நகரம் செய்த நற்செயல்களுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன். ரசிகர்கள் நின்ற படிகளின் இடுக்குகளில் மரங்கள் வளர்ந்துவிட்டன. நெரிசலில் மக்கள் சரியாதிருக்க நட்ட இரும்புத் தடுப்புகள் மட்டும் அவற்றினூடே இன்னும் நிற்கின்றன.

இனி அலுவலகக் கேள்விக்கு வருகிறேன். கிளாஸ்கோவின் இரு பெரிய அணிகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் என்னும் பெயர்களுக்குப் பின்னால் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற பழைய பிளவும் அயர்லாந்து அரசியலும் இருப்பதால், இரண்டையும் அறியாமல் அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லிவிடாதீர்கள். கேத்கின் பார்க் அருகில் இருப்பதாகச் சொல்லி, தேர்ட் லானார்க் ஆடியதைப் பார்த்தவர் யாரேனும் அவர்கள் குடும்பத்தில் உண்டா என்று கேளுங்கள். தாத்தா சொன்ன கதையொன்றை யாராவது எடுத்துவிடுவார்கள். பேச்சு அங்கிருந்து தானாக வளரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்றைய ஹாம்ப்டனில் உள்ள கால்பந்து அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, கேத்கின் வழியாக, முதல் ஹாம்ப்டன் இருந்த இடத்திலுள்ள, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌலிங் கழகம் வரை நடந்து செல்லுங்கள். மூன்றும் நடை தூரத்திலேயே உள்ளன. மழை பெய்த பின் கேத்கின் படிகள் பாசியால் வழுக்கும் என்பதால், நல்ல பிடிப்புள்ள காலணி அணிந்து செல்லுங்கள்.