வெயிலே படாமல் ஓடியும் தலை சுற்றுவது ஏன்?

கேள்வி: கடலூரில் மே மாதம் விடியற்காலையிலேயே ஓடி முடித்துவிடுகிறேன். முகத்தில் வெயில் படுவதே இல்லை. ஆனாலும் கிறுகிறுக்கிறது. ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் வெயில் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். நம் கரையோரத்தில் ஓடுகிறவர்களைச் சாய்ப்பதில் பாதிப் பழி புழுக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெறும் வெப்பமாக வெளிவருகிறது. அதை வெளியேற்ற உடம்பு நம்பியிருப்பது வேர்வையை. அதுவும் தோலிலேயே காய்ந்தால்தான் பயன். ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் போய்விடும். முழங்கையிலிருந்து சொட்டித் தரையில் விழுந்த வேர்வையோ உப்பையும் நீரையும் எடுத்துக்கொண்டு போனதோடு சரி. விடியற்காலையில் வெப்பம் குறைவுதான், ஆனால் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். கடல்காற்றும் அந்நேரம் கிடையாது. நிலம் சூடேறிய பிறகுதான் அது கரையேறும். மேற்கிலிருந்து வீசும் காற்று ஓங்கியிருக்கும் நாட்களில் இன்னும் தாமதமாகும். அதனால் நான் கிளம்பும்முன் கைப்பேசியைப் பார்ப்பதைவிட, எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்ப்பதுதான் அதிகம். இலை அசையவில்லை என்றால் அன்று பாதித் தூரம்தான்.

இதை நான் புத்தியால் கற்றுக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கத்திரி வெயில் காலத்தில், மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச் வரை இரண்டு முறை போய் வருவது என்று கிளம்பினேன். மேகமூட்டமான காலை. இரண்டாம் முறை தேவனாம்பட்டினம் பக்கம் போகும்போது கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் புழுக்கத்தில் குளிர்கிறதே என்று மகிழ்ந்தேன், மடையன். கொஞ்ச தூரத்தில் கால் பின்னியது. சாலையோரம் இட்லிக்கடை போட்டிருந்த அக்கா ஒருவர் என்னை உட்கார வைத்து, "தம்பி, உன் பெயர் என்ன?" என்று கேட்டார். நான் தெருப் பெயரைச் சொன்னேனாம். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. குடத்து நீரைத் தலையோடு ஊற்றிவிட்டு, முறத்தால் விசிறத் தொடங்கினார்.

மருத்துவம் சொல்வதும் அதையேதான். தசைப்பிடிப்பு, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் நின்றுவிட்டு நிழலுக்குப் போக வேண்டும். பேச்சு குழறினாலோ நடத்தை மாறினாலோ அதை வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே கொள்ள வேண்டும். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே உடம்பைக் குளிர்விக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வேர்வை நின்றுவிட்டதா என்று பார்ப்பதும் வீண். ஓடி விழுந்தவர் வேர்த்துக்கொண்டே இருக்கலாம்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. குடம் குடமாகக் குடிப்பது வீரமல்ல. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உப்புப் போட்ட நீர்மோர் என் தேர்வு. இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. நிறைய வேர்ப்பவருக்கு அது மட்டும் போதாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் உப்பைக் கூட்டும்முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பு வெப்பத்துக்குப் பழக இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் அங்கே ஓடிய வேகத்தை இங்கே தேடக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து எழுந்த வாரம் ஓடவே வேண்டாம். மாலையில் ஓட முடிந்தால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை எனக்குப் பிடிக்கும். வண்டிகளை விடமாட்டார்கள், காற்றும் இருக்கும்.

உங்களுக்கு இப்படிச் சில நாட்கள் ஓடிப் பார்த்தும் கிறுகிறுப்பு நிற்கவில்லை என்றால் அது வெறும் புழுக்கமாக இருக்காது. இரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள்.

அந்த அக்கா இப்போதும் அதே இடத்தில்தான் கடை போடுகிறார். நான் கடக்கும்போதெல்லாம் பெயர் கேட்பார். சரியாகச் சொன்னால்தான் போகவிடுவார்.