மினிக்காய் லைட்ஹவுஸ் ஸ்டாம்ப் – கடிதம்

அன்புள்ள சார்,

அப்பாவோட ஸ்டாம்ப் ஆல்பத்துல 1985ல வந்த ஒரு ரூபா ஸ்டாம்ப் ஒண்ணு இருக்கு, மினிக்காய் லைட்ஹவுஸ் நூற்றாண்டு. மேப்ல பாத்தா லட்சத்தீவுலயே தெற்குக் கடைசில தனியா கெடக்குற துண்டு நிலம். தென்னையும் மீனும் தவிர ஒண்ணும் இல்லாத ஊர்ல, பெரிய துறைமுகம்கூட இல்லாத எடத்துல, வெள்ளக்காரன் எதுக்கு இவ்ளோ செலவு பண்ணினான்?

– கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

அந்த விளக்கு மினிக்காய்க்கு வர்ற கப்பலுக்கு இல்ல, நிக்காம தாண்டிப் போற கப்பலுக்கு. 1869ல சூயஸ் கால்வாய் திறந்ததும் ஏடன்லேருந்து கொழும்பு, சிங்கப்பூர்னு போற ஸ்டீமர் எல்லாம் இந்த வழியாத்தான் வர ஆரம்பிச்சுது. டிஎன்பிஎஸ்சி பசங்க மனப்பாடம் பண்ற 9 டிகிரி கால்வாய் (வெட்டின கால்வாய் இல்ல, தீவுகளுக்கு நடுவுல இருக்குற கடல் வழி) இதுக்கு வடக்கால, 8 டிகிரி கால்வாய் தெற்கால, நடுவுல இந்தத் தீவு. பவழத்தீவுங்கறதால தரை கடல் மட்டத்துக்கு மேல கொஞ்சூண்டுதான், குன்று மலைன்னு அடையாளத்துக்கு ஒண்ணும் கிடையாது, ராத்திரில தென்னை கண்ணுக்குத் தெரியறப்ப கப்பல் பாறைல ஏறியிருக்கும்.

அதான் கிட்டத்தட்ட 150 அடி உயரம். பூமி உருண்டைல்ல, அந்த உயரத்து விளக்குகூட தண்ணி மட்டத்துலேருந்து பாக்கறவனுக்கு 14 கடல் மைல் தாண்டினா மறைஞ்சுடும், 30 அடி உயர டெக்ல நிக்கறவனுக்கு 20 மைல் வரை தெரியும். உயரத்தைக் குறைச்சா தென்னையே மறைச்சுடும்.

செலவு யாரோடதுன்னா, இலங்கையோட தென்கிழக்குக் கடல்ல பாறை மேல நிக்குதே கிரேட் பாசஸ், லிட்டில் பாசஸ்னு ரெண்டு லைட்ஹவுஸ், அதுங்களோட சேத்து இதையும் பிரிட்டிஷ் அரசோட இம்பீரியல் லைட்ஹவுஸ் சர்வீஸ்தான் பாத்துக்கிச்சு, ஆபீஸ் கொழும்புல, அந்தப் பக்கம் போற கப்பல்காரங்க கிட்ட துறைமுகத்துல டன் கணக்குல விளக்கு வரி வாங்கிடுவாங்க. வெள்ளக்காரன் சும்மா ஒண்ணும் தூக்கிக் குடுக்கல.

இன்னொரு கூத்து, 1947ல சுதந்திரம் வந்தும் இந்த லைட்ஹவுஸ் மட்டும் அவங்க கைலயே இருந்துச்சு, நம்ம கைக்கு வந்தது 1956லதான். 1885ல ஏத்தின விளக்கு, ஸ்டாம்ப் கொண்டாடற நூறு வருஷத்துல 71 வருஷம் அவங்களோடது. ஸ்டாம்ப்ல இதெல்லாம் எழுத எடம் இல்லதான், ஆனா 'இந்தியா'ன்னு போட்டிருக்கறதைப் பாக்கறப்ப எனக்கு லேசா சிரிப்பு வரும்.

தீவுக்காரங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னும் சொல்லிட முடியாது. 'மாலிக்கு'ன்னுதான் அவங்க தங்களோட ஊரைச் சொல்வாங்க, பேசறது மஹல், மாலத்தீவு பாஷைக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையா கப்பல் வேலைக்குப் போற ஆளுங்க, உலகம் பூரா சுத்தினவங்க. ஊர்ல எறங்காமலே ஊர் விளக்கை டெக்லேருந்து பாத்துட்டுப் போனவங்கள்ல மினிக்காய்க்காரங்களும் கண்டிப்பா இருந்திருப்பாங்க.