இடுப்பு வலிக்கு ஒரு பந்து: வாசகியர் கேள்வி பதில்

பிரசவ வலியின்போது உட்கார்ந்து அசைவதற்கான பெரிய ஜிம் பந்தைப் பற்றிக் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: எனக்கு எட்டாம் மாதம். உயரம் 5 அடி 1 அங்குலம். வீட்டுக்காரர் 75 செ.மீ. பந்து வாங்கி வந்துவிட்டார். உட்கார்ந்தால் குதிகால் தரையில் படவில்லை. கொஞ்சம் காற்றை இறக்கினால் சரியாகுமா? (தங்கச்சிமடம்)

ஆகாது. உங்கள் உயரத்துக்கு வரும் அளவுக்குக் காற்றை இறக்கினால் பந்து தொளதொளத்துவிடும். அதில் இடுப்பு புதையும், முழங்கால் மேலே ஏறும், எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கும். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

5 அடி 3 அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பொதுவாக 55 செ.மீ., அதற்கு மேல் 65 செ.மீ. பொருந்தும். 75 மிக உயரமானவர்களுக்கு. ஆனால் அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணைவிட உங்கள் முழங்காலை நம்புங்கள். உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிட மூன்று நான்கு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். முழங்கால் மேலே இருந்தால் முதுகு வளைந்து இடுப்பு பின்னால் சாய்ந்துவிடும், அப்புறம் பந்தில் உட்கார்ந்தும் பலனில்லை.

காற்றடிக்க ஒரு வழி: சுவரில் 55 செ.மீ. உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பந்தைச் சுவரை ஒட்டி வைத்து மேலே ஒரு பலகையைக் கிடத்திப் பாருங்கள். முதல் நாள் கோட்டுக்கு அரைச் சாண் குறைவாகவே நிறுத்திவிடுங்கள். புதுப் பிளாஸ்டிக் விரிந்து கொடுக்க ஒரு நாளாவது ஆகும். மறுநாள் மீதியை அடித்துக்கொள்ளலாம். வாங்கும்போது ‘ஆன்டி பர்ஸ்ட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை விழுந்தாலும் படீரென்று வெடிக்காமல் மெல்ல இறங்கும் வகை அது.

கேள்வி: பஞ்சர் கடையில் காற்றடிக்கலாமா? வாசலில் வைத்திருந்ததில் கருவேல முள் குத்திக் காற்று இறங்குகிறது. ஒட்டிக்கொள்ளலாமா? (சாயல்குடி)

இரண்டும் வேண்டாம். கடை கம்ப்ரஸர் ஒரு சில நொடியில் அளவைத் தாண்டிவிடும். கைப்பம்பே போதும், பத்து பதினைந்து நிமிட வேலைதான். சைக்கிள் ட்யூப் ரப்பரால் ஆனது, பந்து பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனது. ட்யூபுக்குப் போடும் சொல்யூஷன் பந்தில் சரியாகப் பிடிக்காது. பிடித்தமாதிரி தெரிந்தாலும், ஆள் உட்கார்ந்து பந்து விரியும்போது ஒட்டு உரிந்துவிடும். நிறைமாதக்காரி உட்காரும் பொருளில் அந்தச் சோதனை எதற்கு? முள் குத்திய பந்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுங்கள்.

இனி வாங்குவதை வாசலுக்கே கொண்டுபோகாதீர்கள். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள் இல்லாத மணல் ஏது? வெயிலும் ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் காலையில் அளவாக இருந்த பந்து உச்சி வெயிலில் கிண்ணென்று விம்மி நிற்கும்.

கேள்வி: பந்தில் உருண்டால் பிள்ளைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்று மாமி தடுக்கிறார். உண்மையா? (கீழக்கரை)

இல்லை. பனிக்குட நீரில் பிள்ளை தானே புரண்டு திரும்பும்போது சுற்றுவதுதான் கொடி. தாய் பந்தில் உட்கார்ந்தாலும் பாயில் படுத்தாலும் அதில் மாற்றமில்லை. ஏறக்குறைய நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கழுத்தில் கொடி சுற்றித்தான் பிள்ளை பிறக்கிறது. பெரும்பாலும் தளர்வாக இருக்கும், செவிலியர் விரலால் எடுத்துவிடுவார். மாமியின் பயத்தில் ஒரு பாதி மட்டும் நியாயம்: பந்திலிருந்து வழுக்கி விழுவது. அதற்குப் பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது. மாமியையும் பக்கத்தில் உட்கார்த்தி வாசியுங்கள்.

கேள்வி: மகளுக்கு இது முதல் பேறுகாலம். ஆஸ்பத்திரியில் துணைக்கு நான்தான் இருக்கப் போகிறேன். வலி வந்த பிறகு பந்தில் எப்படி உட்கார வைப்பது, நான் என்ன செய்ய வேண்டும்? (பாம்பன்)

முதலில் தரையைப் பாருங்கள். டைல்ஸில் நாலு மணல் துகள் கிடந்தாலே பந்து சறுக்கும். கடல் காற்று அடிக்கிற வீட்டில் காலையில் பெருக்கினது மதியம் வரைக்கும் தாங்காது, அதனால் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டே பந்தை வையுங்கள். பனையோலைப் பாயும் கோரைப் பாயும் பந்தோடு சேர்ந்து நகரும். அடியில் ரப்பர் பிடிப்புள்ள யோகா பாய்தான் சரி. அன்றைக்குக் காலிலும் தொடையிலும் எண்ணெய் தடவக் கூடாது. சாக்ஸும் வேண்டாம், வெறுங்கால்தான்.

பந்தைச் சுவரோரம் வையுங்கள். மகள் அதற்கு முதுகு காட்டி, கெண்டைக்காலில் பந்து படும்வரை பின்னால் வரட்டும். பாதங்கள் இடுப்பைவிட அகலமாக இருக்கட்டும். ஒரு கையைப் பந்தின் மேலும் மறு கையை உங்கள் தோளிலும் வைத்து மெதுவாக நட்டநடுவில் உட்கார வேண்டும். விளிம்பில் உட்கார்ந்தால் பந்து ஓடிவிடும். உட்காரும் முன் நைட்டியைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள், பந்துக்கடியில் சிக்கிய துணிதான் எழும்போது ஆளைத் தள்ளிவிடும். பந்தின் மேல் ஒரு பருத்தித் துண்டு விரித்தால் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும்.

வலி எழும்போது இடுப்பை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். அம்மியில் அரைப்பதுபோல முன்னும் பின்னும் அசைக்கலாம், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல வட்டமும் போடலாம். வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மேல் போக வேண்டாம். தோள் ஆடினால் தப்பாகச் செய்கிறாள் என்று அர்த்தம். மூச்சை மூக்கால் இழுத்து, சூடான கஞ்சியை ஊதுவதுபோல வாயால் நீளமாக விடட்டும். வலி இறங்கியதும் கட்டில் மேல் தலையணை போட்டு அதில் சாய்ந்து ஓய்வெடுக்கட்டும்.

வலி முழுக்க முதுகில் இறங்குகிறதென்றால் உட்காருவதை விட்டுவிட்டு முட்டி போடச் சொல்லுங்கள். முட்டிக்கடியில் மடித்த போர்வையை வைத்து, பந்தைக் கட்டிப்பிடித்து அதன்மேல் நெஞ்சைச் சாய்க்கட்டும். வயிறு தொங்கலாக இருக்கும், முதுகெலும்பில் ஏறியிருந்த பாரம் குறையும். நீங்கள் பின்னால் இருந்து, இடுப்புக்குக் கீழே வால் எலும்புக்கு மேலே இருக்கும் தட்டையான எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம், ஒரே இடத்தில் நிலையாக அழுத்தினால் போதும். முழங்கையை நேராக வைத்து உடம்பின் எடையைக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் உங்கள் கை விட்டுப்போகும். வலி ஏறும்போதே ஆரம்பித்து, இறங்கும்போது மெதுவாக விடுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றட்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க எழுப்புங்கள், மூத்திரப்பை நிறைந்திருந்தால் பிள்ளையின் தலை இறங்க இடமிருக்காது. டாக்டர் தடுக்காதவரை நீராகாரமோ இளநீரோ வாய் வாயாகக் கொடுங்கள். அவள் பந்தில் இருக்கும்வரை நீங்கள் நகரக் கூடாது, போன் வந்தாலும்.

ஆஸ்பத்திரியில் பந்தை அனுமதிப்பார்களா என்று அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள். காற்றடைத்த பந்து 108 வண்டியில் ஏறாது. மடித்து, பம்பு, அடைப்பான், துண்டு எல்லாவற்றையும் தாய் சேய் நல அட்டை வைத்திருக்கும் பையிலேயே போட்டுவையுங்கள்.

கேள்வி: தேதி தாண்டி மூன்று நாள் ஆகிறது. பந்தில் குதித்தால் வலி வந்துவிடுமா? (மண்டபம்)

வராது. குதித்தால் மூட்டுதான் வலிக்கும். வலி தொடங்கிய பிறகு படுக்காமல் நிமிர்ந்தும் நடமாடியும் இருந்தால் கருப்பை வாய் விரியும் முதல் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பாய்வு சொல்கிறது. அதில் பந்தின் பங்கு நிமிர்ந்திருக்க உதவுவது மட்டுமே. தேதி தாண்டியிருப்பதால் பிள்ளையின் அசைவை எண்ணுங்கள், பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளைத் தள்ளாதீர்கள்.

கேள்வி: பந்தில் வலி தாங்கும்படி இருந்தால் வீட்டிலேயே எவ்வளவு நேரம் இருக்கலாம்? (ராமேஸ்வரம்)

எங்களுக்குக் கவலை தரும் கேள்வி இதுதான். பந்து வலியைத் தாங்க வைக்கும், பிரசவத்தைத் தள்ளி வைக்காது. சௌகரியமாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்து, பாதி வழியில் தலை வந்துவிடும் நிலைக்கு ஆளாகக் கூடாது.

வலியை எண்ணுங்கள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் முதல் பிரசவக்காரர்கள் கிளம்பலாம் என்பது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவர்களுக்கான கணக்கு. ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உங்களுக்கு 55 கிலோமீட்டருக்குப் பக்கம். பாம்பன் பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வலி ஒழுங்குக்கு வந்ததுமே 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டாவது பிரசவம் என்றால் வலி ஒழுங்காகும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, நீர் பச்சையாக வந்தாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் இருட்டினாலோ உடனே பந்தை விட்டு எழுந்து கிளம்ப வேண்டும். முக்க வேண்டும்போல் இருந்தாலும் பந்தில் உட்காரக் கூடாது. இடப்பக்கமாகப் படுக்க வைத்து ஆளைக் கூப்பிடுங்கள். நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகவோ மாதம் நிறையவில்லை என்றோ சொல்லப்பட்டவர்களுக்கு டாக்டர் சம்மதிக்காமல் பந்தே வேண்டாம். முதுகில் மரப்பு ஊசி போட்ட பிறகும், மயக்கம் தரும் வலி ஊசி போட்ட பிறகும் அப்படித்தான்.

கேள்வி: பந்து வாங்க வசதியில்லை. வேறு வழி உண்டா? (தேவிபட்டினம்)

உண்டு. கையில்லாத மரநாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகுப்பலகை நெஞ்சுக்கு வரும்படி இருபக்கமும் கால் போட்டு உட்காருங்கள். பலகை மேல் தலையணை வைத்துச் சாயலாம், துணைக்கு இருப்பவர் முதுகை அழுத்தவும் இதுவே வசதி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பின்னங்கால் விரிந்து விழுந்துவிடும்.