எலிக்குச் சரியானது, எனக்கு எப்போது வரும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

"பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்" என்று ஒரு செய்தி வந்தால் போதும், மறு வாரமே அதை விசாரித்துக் கேள்விகள் வந்துவிடுகின்றன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மருத்துவமும் பொருளறிவியலும் கைகோக்கும் இடத்தைப் பற்றியவை. எந்தக் கண்டுபிடிப்பானாலும் அது எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். சோதனைக்கூடத்திலா, விலங்கிடமா, விரல்விட்டு எண்ணும் நோயாளிகளிடமா, மருந்துக் கடையிலா என்று தெரியாமல் ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

என் அக்கா மகனுக்குக் கடுமையான ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்). வயது 14. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஜீன் சிகிச்சை வந்துவிட்டதாமே, எங்கே பதிவு செய்வது? – குடியாத்தம் வாசகர்

வந்திருப்பது உண்மை. ஆனால் பதிவு செய்து வாங்கிக்கொள்ளும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு அது. வேலூரில் ஐந்து பேருக்குச் செய்தார்கள். ஐவரும் பெரியவர்கள். சிகிச்சைக்குப் பிறகு கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 அவர்கள் உடம்பிலேயே சுரக்கத் தொடங்கியது. முட்டி வீங்கி வலியில் துடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று தெரியும்.

மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஒரு வைரஸை நேராகக் கல்லீரலுக்கு அனுப்பி ஜீனைச் சேர்க்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கு அது ஒத்துவராது. கல்லீரல் வளர வளர, செல்கள் பெருகும்போது சேர்த்த ஜீன் கரைந்துபோகும். வேலூர்க்காரர்கள் நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்கள்) எடுத்து, வெளியில் வைத்து லென்டிவைரஸ் என்ற வைரஸ் வகை மூலம் ஜீனை ஏற்றி, திரும்ப உடம்புக்குள் செலுத்தினார்கள். இந்த முறையில் ஜீன் செல்லின் டிஎன்ஏவோடு இணைந்துவிடுகிறது. அதனால் ஸ்டெம் செல் பெருகினாலும் கூடவே வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. புதிய செல்களுக்கு இடம்விட, எலும்பு மஜ்ஜையைக் கீமோ மருந்தால் காலி செய்ய வேண்டும். கொஞ்ச நாள் வெள்ளை அணுக்கள் சரிந்துபோகும், தொற்று பயம் இருக்கும். பல வருடம் கழித்து என்ன ஆகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். ஐந்து பேரின் முடிவை வைத்துப் பதினாலு வயதுப் பையனுக்கு அவசரப்படக் கூடாது. அவனைப் பார்க்கும் ரத்தநோய் மருத்துவரிடம் அடுத்த கட்டச் சோதனை பற்றிக் கேட்டு வையுங்கள். அதுவரை ஃபேக்டர் ஊசியை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 'ஜீன் சிகிச்சைதான் வரப்போகிறதே' என்று ஊசியில் அலட்சியம் காட்டிய குடும்பங்கள் உண்டு. அந்த இடைவெளியில் கெட்டுப்போன மூட்டைத் திரும்பப் பழையபடி ஆக்குவது மிகக் கடினம்.

டேனரியில் (தோல் பதனிடும் தொழிற்சாலை) வேலை செய்கிறேன். தீக்காயத்துக்கு மாட்டுத் தோலிலிருந்து மருந்து செய்கிறார்கள் என்று சொன்னால் ஷெட்டில் யாரும் நம்பவில்லை. – ஆம்பூர் வாசகர்

நம்பச் சொல்லுங்கள். உங்கள் கையில் தினமும் புரளும் பொருள்தான் அது: தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம்.

வெட் ப்ளூ, அதாவது குரோமியம் உப்பில் பதமிட்ட ஈரத் தோல், சரியாகப் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவீர்கள் அல்லவா? சுருங்காவிட்டால் குரோம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதே, பதமிடாத பச்சைத் தோலைப் போட்டால் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். காரணம், கொலாஜன் என்பது மூன்று இழை சேர்ந்து முறுக்கிய கயிறு. சூட்டில் முறுக்கு அவிழ்கிறது. குரோமியம் இழைக்கு இழை முடிச்சுப் போட்டுவிடுவதால் அவிழாமல் நிற்கிறது. இந்த மூவிழை அமைப்பை 1954, 55ஆம் ஆண்டுகளில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் ஊர்த் தொழிலுக்கும் உடல் திசுக்களைச் செயற்கையாக உருவாக்கும் இன்றைய திசுப் பொறியியலுக்கும் அடிப்படையான அந்த விஷயம் கிண்டியில் தெளிந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லித் தர வேண்டும்.

மருந்துக்கு குரோம் ஏறிய தோல் ஆகாது. பதமிடாத திசுவிலிருந்து கொழுப்பையும் மற்ற புரதங்களையும் நீக்கி, கொலாஜனை மட்டும் மெல்லிய தாளாக்குகிறார்கள். சில வகைகள் பாக்கெட்டில் ஆல்கஹால் கலந்த திரவத்தில் ஊறியபடி வரும். நர்ஸ் அதைச் சலைனில் நன்றாக அலசிவிட்டுக் காயத்தின் மேல் விரிப்பார். காயத்திலிருந்து நீர் வெளியேறுவது குறையும், வலி தணியும், தினமும் கட்டுப் பிரிக்கும் வேதனையும் குறையும். மேலோட்டமான தீக்காயத்துக்குத்தான் இது. ஆழமாக வெந்த இடத்துக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்படும். இது மருந்துக் கடைப் படியை எப்போதோ தாண்டிவிட்டது. மாட்டிலிருந்தும் வருகிறது, மீனிலிருந்தும் வருகிறது. யாருக்காவது மனத்தடை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அரிசி அளவு பேஸ்மேக்கர் நிஜமா, சார்? – பொறியியல் மாணவர், காட்பாடி

நிஜம்தான் தம்பி. பேஸ்மேக்கர் என்பது மின் துடிப்பு கொடுத்து இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் கருவி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸும் இகோர் எஃபிமோவும் சேர்ந்த குழு 2025 ஏப்ரலில் வெளியிட்டது. நீளம் 3.5 மில்லிமீட்டர், அகலம் 1.8, கனம் 1. அதில் தனி பேட்டரி கிடையாது. இரண்டு வேறு உலோகங்கள் உடம்பு நீரில் நனைந்ததும் அதுவே ஒரு மின்கலம் ஆகிவிடுகிறது. மார்பின் மேல் ஒட்டிய பட்டை இதயத் துடிப்பு தப்புவதைக் கவனித்து ஒளியைப் பாய்ச்ச, அந்த ஒளி உள்ளே இருப்பதை இயக்குகிறது. வேலை முடிந்ததும் கரைந்துவிடும்.

இதயக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளை நினைத்துச் செய்தது இது. அறுவைக்குப் பிறகு ஒரு வாரம் போலத்தான் துணை வேண்டும். இப்போது அதற்காகத் தைத்து வைக்கும் கம்பியைப் பிற்பாடு வெளியே இழுக்கும்போது திசு கிழியும் ஆபத்து இருக்கிறது. ஆய்வு நடந்தது விலங்குகளிலும், தானமாகப் பெற்ற மனித இதயங்களிலும்தான். பிராஜெக்டுக்கு எடுக்கிறாயானால் உலோகம் கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதைப் பிடித்துக்கொள். சிக்கலும் சுவாரசியமும் அங்கேதான்.

அப்பாவுக்குத் தொடையில் ராடு வைத்திருக்கிறார்கள். தானே கரையும் உலோகம் இருக்கும்போது இரும்பு எதற்கு? – ராணிப்பேட்டை வாசகர்

கரைவது மெக்னீசியம் கலவை. 2013லேயே ஜெர்மனியில் செய்த மெக்னீசியம் திருகுக்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்துவிட்டது. எஃகின் விறைப்பு எலும்பைவிடப் பத்து மடங்கு போல இருக்கும். மெக்னீசியம் எலும்புக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். அது நல்லதுதான். ஆனால் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், பலமும் குறைந்துகொண்டே போகும். கால் விரல் எலும்புக்குச் சரி. உடம்பின் பாரம் முழுக்கத் தாங்கும் தொடை எலும்புக்கு எஃகும் டைட்டானியமும்தான் இன்றைக்கு நம்பகம். உங்கள் மருத்துவர் செய்தது சரியே.

குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்ச் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அம்மாவுக்கு வாங்கலாமா? – ஆரணி வாசகி

வேண்டாம் அம்மா. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அது காட்டும் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒட்டும் சென்சார் வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போய்த் திசு நீரில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். அது கட்டுப்படியாகாவிட்டால் சாதாரண குளுக்கோமீட்டரே போதும். ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியை மட்டும் பார்த்து வாங்குங்கள்.